கழிக்கரையில் ஓர் ஊர்: பழைய துபாயை அறிவோம்



சென்ற தவணையில் எமது வகுப்பு மாணவர்களை ‘எமது ஊர்’ என்னும் தலைப்பிற் கட்டுரை வரையப் பணித்தோம். பலர் விடுமுறையில் இரண்டு கிழமை கண்ட பாட்டனாரின் ஊரைப் பற்றி எழுதினர். ஒரு மாணவி மாத்திரம் வெறுந்தாளை நீட்டி, “சேர், நான் பிறந்தது துபாய். அப்பா பிறந்தது வவுனியா. எதை எழுதுறது?” என வினவினாள். எம்மால் உடனே விடையிறுக்க இயலவில்லை. அடுத்த விடுமுறை நாளிற் பெற்றோர் சிலருடன் மாணவர்களைப் பர்துபாய்க் கழிக்கரைக்கு அழைத்துச் சென்றோம். அங்கு அறிந்தவற்றை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

கோட்டையும் கழியும்

துபாய் நகரின் தாய் அதன் கடற்கழியே. கடல்நீர் நிலத்தினுட் புகுந்து, ஒருபுறம் பர்துபாய், மறுபுறம் தேரா என ஊரை இரண்டாகப் பகுக்கின்றது. கழியின் அருகே நிற்கும் அல் பகீதிக் கோட்டை 1787 அளவிற் கட்டப்பட்டது. இன்று நகரில் எஞ்சியுள்ள கட்டடங்களுள் மிகப் பழையது இதுவே என்பர். 1971 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட இக்கோட்டை அண்மைக் காலத்திற் பல ஆண்டுகள் திருத்த வேலைகளுக்காக மூடப்பட்டிருந்தமையால், செல்லுமுன் விசாரித்தல் நன்று.

இந்நகரை எண்ணெய் உருவாக்கியது எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இங்கு எண்ணெய் கண்டறியப்பட்டது 1966 இலேயே. அதற்கு முன்னரே கழி மணலால் தூர்ந்து, மரக்கலங்கள் தரைதட்டும் நிலை வந்தது. ஆட்சியாளர் சேக் ராசித் கடன் பெற்று, 1959 முதல் கழியை ஆழப்படுத்துவித்தார். வணிகம் பெருகியது. முதலிற் கடனும் துணிவும். எண்ணெய் பிறகே வந்தது.

காற்றைப் பிடிக்கும் கோபுரம்

கோட்டையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் அல் பகீதி வரலாற்றுக் குடியிருப்பை அடையலாம். இதன் பழைய பெயர் பஸ்தக்கியா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனையடுத்தும் பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய வணிகர்கள், தாம் விட்டுவந்த பஸ்தக் என்னும் ஊரின் பெயரையே இதற்கு இட்டனர். 1894 இல் துபாய் ஆட்சியாளர் வெளிநாட்டு வணிகருக்கு வரிவிலக்கு அளித்ததும், பாரசீகத் துறைமுகங்களிற் சுங்கவரி கூடியதும் அவர்கள் இங்கு வரக் காரணங்களாயின.

அவர்கள் பெயரோடு தம் ஊர்க் கட்டடக் கலையையும் கொணர்ந்தனர். வீட்டுக் கூரைக்கு மேலே நாற்புறமும் திறந்த கோபுரம் ஒன்று எழும். அதனை அரபியில் ‘பார்ஜீல்’ என்பர். உள்ளே குறுக்குச் சுவர்கள் அமைந்திருப்பதால், எத்திசைக் காற்றும் அகப்பட்டுக் கீழறைக்கு இறங்கும். சூடான காற்று மறுபுறத்தால் மேலேறி வெளியேறும். சுவர்கள் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லால் ஆனவை. கூரைக்குக் கிழக்காபிரிக்கக் கண்டல் மரக் கம்புகளைப் பயன்படுத்தினர். அக்கம்புகளின் நீளம் எவ்வளவோ, அறையின் அகலமும் அவ்வளவே! மின்சாரம் இல்லாத காலத்தில் இவ்வாறே வெயிலை வென்றனர்.

1980களில் இக்குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சியதையும் இடிக்க எண்ணியபோது, அங்கு குடியிருந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ரெய்னர் ஒட்டர், அப்போது வேல்ஸ் இளவரசராயிருந்த சார்ள்சுக்குக் கடிதம் எழுதினார். 1989 இல் இளவரசர் வந்து பார்வையிட்டார், இடிப்புக் கைவிடப்பட்டது. பெயர் தந்தவரும் வந்தேறிகள். காக்கக் குரல் கொடுத்தவரும் வந்தேறி. இதனை மாணவர்கள் மறத்தலாகாது.

அக்கரையிலே

அப்ரா எனும் சிறு படகில் ஏறி, சில நிமிடங்களில் தேராவை அடைந்தோம். அங்குள்ள கடைத்தெருவில் ஏலமும் கறுவாவும் மணந்தன. அல் ராஸ் பகுதியில் நிற்கும் அல் அகமதியா, 1912 இல் முத்து வணிகர் ஒருவரின் கொடையால் எழுந்தது. துபாயின் முதலாவது முறைசார் பாடசாலை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ரூபாயிற் கட்டணம் செலுத்தினர். வறியோர்க்குக் கொடையாளரே செலவை ஏற்றார்.

அந்த முத்துக்கும் எமக்கும் உறவு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மன்னார்க் கடலில் முத்துக் குளிப்பு நிகழ்ந்தபோது, இவ்வளைகுடாவிலிருந்து அரபுச் சுழியோடிகள் அங்கு வந்து தமிழ்ச் சுழியோடிகளுடன் மூழ்கினர். பின்னர் யப்பானிய வளர்ப்பு முத்தும் 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் வளைகுடாவின் முத்து வணிகத்தைச் சிதைத்தன.

அப்பாடசாலையின் வாயிலில் நாம் சிறிது நேரம் வாளாவிருந்தோம். யாம் முன்னர் கற்பித்த பாடசாலை போரிற் கூரையிழந்தது. வரவுப் பதிவேடுகளும் எரிந்தன. அவற்றிலிருந்த பெயர்களுட் சில எமது நினைவில் மட்டுமே உள்ளன. ஓர் ஊரை அறிந்தவர்கள் எழுதி வைக்காவிடின், அவ்வூர் இருமுறை அழியும்.

விடை

எனவே, அம்மாணவிக்கு எமது விடை இதுவே: இரண்டையும் எழுதுக. தந்தையாரிடம் கேட்டு வவுனியாவை எழுதுக. கண்ணாற் கண்டு துபாயை எழுதுக. பஸ்தக் மக்கள் ஓர் ஊரை மறவாமலே மற்றோர் ஊரைக் கட்டினர்.

பெற்றோர்களே! ஒரு விடுமுறைக் காலையில் உங்கள் பிள்ளைகளுடன் இக்கழிக்கரையில் நடவுங்கள். நடக்கையில் உங்கள் ஊரின் குளத்தையும் கோயிலையும் பள்ளியையும் அவற்றின் பெயர்களோடு சொல்லுங்கள். பிள்ளைகளே! அன்றிரவே அவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த தவணையில் வெறுந்தாளை ஏற்கமாட்டோம்!