சபைகள் இணைந்தன, சாதி?

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேசுவரர் கோயிலும் கிரிவலமுமே நினைவுக்கு வருகின்றன. அதே நகரில் டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிறது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் இருக்கிறது. தமிழகச் சீர்திருத்த சபைகள் பலவும் ஒன்றாய் இணைந்தபோது இச்சபை இணையவில்லை. அதன் காரணத்தைத் தேடினால் சாதியின் வரலாற்றுக்குள்ளும் செல்ல நேர்கிறது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், 1908இல் காங்கிரிகேஷனல், பிரெஸ்பிடீரியன் சபையினர் ஒன்றுகூடி அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபையும் அதில் இணைந்தன. பேராயர்களை உடைய சபையும் இல்லாத சபைகளும் ஒன்றானது உலகத் திருச்சபை வரலாற்றிலேயே புதுமை. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய முயற்சி நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் எதைப் பேசினார்கள்? பேராயர் கைவைத்து அருட்பொழிவு செய்யாத போதகரை ஏற்கலாமா என்பதே பெரும் சிக்கல். ஏற்கெனவே இருந்த போதகர்களை மறுபொழிவின்றி ஏற்பது, இனிவருவோருக்குப் பேராயரே பொழிவு செய்வது என்று முடிவாயிற்று. கோட்பாட்டிலும் திருவிருந்து பற்றிய போதனையிலும் முதலில் உடன்பாடு வேண்டும் என்ற லுத்தரன்கள் வெளியே நின்றனர்.

இப்பேச்சுகளின் மையத்தில் சாதி இல்லை. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே சபைகளைப் பிளந்தது சாதிதான். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என ஆணையிட்டார். அதை ஏற்காத ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர் பலர், சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனிடம் போய்ச் சேர்ந்தனர். அந்த மிஷனிலேயே இருந்த கார்ல் ஓக்ஸ் இப்போக்கை எதிர்த்து விலகி, மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கத்தோடு இணைந்தார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேயே இருக்கிறது. (வேர் நன்று என்பதால் கிளையில் சாதி ஏறாது என்று நாம் நம்பிவிட வேண்டியதில்லை.)

ஐக்கியம் வழிபாட்டு முறையையும் நிர்வாகத்தையும் ஒன்றாக்கியது. மணஉறவையும் ஊர்த்தெருவையும் அது தொடவில்லை. பேராயர் தேர்தல்களில் சாதிக் கணக்கு ஓடுவதைத் திருச்சபையினரே அறிவர். 1987இல் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலுக்கெனத் தனித்துறை தொடங்கி அர்விந்த் நிர்மல் பொறுப்பேற்றதும், 1990களில் சென்னைப் பேராயர் எம். அசரியா தலித் கிறிஸ்தவர் உரிமைக்காக வாதாடியதும் இந்த விடுபடலிலிருந்து எழுந்தவையே.

அரசோ இப்பிரிவுகளைக் கண்டுகொள்வதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி அளித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். லுத்தரன் ஆயினும் தென்னிந்தியத் திருச்சபை ஆயினும் தலித் கிறிஸ்தவர் இன்றும் அதற்கு வெளியேதான் நிற்கின்றனர்.