குறை தரும் வலிமை

மகளின் பல்லுக்குக் கம்பி போட்ட அன்று, மிஞ்சிய துண்டொன்றைப் பல் வைத்தியர் அவள் கையில் கொடுத்தார். வளைத்தாள், விட்டாள், பழையபடி நிமிர்ந்தது. "வாப்பா, இது ஏன் வளைஞ்ச மாதிரியே நிக்குதில்ல?" என்று கேட்டாள். தமிழ் படிப்பிக்கிற எனக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே தருகிறேன்.

அந்தக் கம்பி நிட்டினோல் என்னும் கலப்புலோகம். நிக்கல், டைட்டேனியம் அணுக்கள் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடமொன்றில் வில்லியம் பியூலர் 1959 அளவில் இதை ஆராயத் தொடங்கினார். சாதாரண உருக்குக் கம்பியை அதன் நீளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு இழுத்தாலே முழுதாகத் திரும்பாது. இதுவோ எட்டுப் பங்கு வரை இழுபட்டும் திரும்பும். இழுக்கும்போது அணுக்களின் அடுக்கு வேறோர் ஒழுங்குக்கு மாறுகிறது. விட்டதும் முன்னைய ஒழுங்குக்கு மீள்கிறது.

ஆனால், உள்ளே குறைகள் மிகச் சிலவே இருந்தால் அணு அடுக்குகள் எளிதாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடும். வழுக்கியது மீளாது. பலமுறை இழுத்தால் கம்பி தொய்ந்துபோகும். புதுக் கொப்பிகளை அடுக்கித் தள்ளிப் பாருங்கள், வழுக்கும். தவணைக் கடைசியில் மூலை மடிந்து கசங்கிய கொப்பிகள் அவ்வளவு இலகுவில் நகராது.

ஆகவே வேண்டுமென்றே குறைகளை உண்டாக்குகிறார்கள். கம்பியைச் சூடாக்காமல் சிறு துளைகளூடாக இழுத்து அணு ஒழுங்கைக் கசக்குகிறார்கள். பின்னர் 400 முதல் 500 பாகை செல்சியஸ் வரையில் சிறிது நேரம் சூடாக்குகிறார்கள். நிக்கல் சற்றுக் கூடிய கலவையென்றால், அந்தச் சூட்டில் நிக்கல் மிகுந்த நுண்துணிக்கைகளும் உள்ளே உருவாகும். இவை வழுக்கலைத் தடுக்கும். ஒழுங்கு மாற இடம்விடும். கசக்கல் மிஞ்சினால் ஒழுங்கும் மாறாது. சூடு மிஞ்சினால் கசக்கலே அழிந்துபோகும். எல்லாம் அளவில்தான் இருக்கிறது.

இதய அறைகளின் இடைச்சுவரிலுள்ள துளையை அடைக்கும் கருவியும் இக்கம்பியால் ஆனதே. மெல்லிய குழாய்க்குள் சுருங்கி நாளம் வழியே போய், துளையில் குடைபோல் விரியும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் இத்தகைய கருவியை உருவாக்கியிருக்கிறது.

டைட்டேனியத்தின் மூலப்பொருளான இல்மனைட், நம் கிழக்குக் கரையில் புல்மோட்டை மணலிலேயே இருக்கிறது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் இருக்கிறது. இரண்டையும் இணைக்க நம் பிள்ளைகள் அந்தப் படிப்புக்குப் போக வேண்டும்.

மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கலைப் பிரிவே நல்லம் என்று சொல்லி வந்தவன் நான். இப்போது அப்படிச் சொல்வதில்லை.