சமநிலை குன்றிய குழந்தையும் டால்பின் நீச்சலும்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் காது மூக்கு தொண்டைப் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்: "குழந்தையைத் தண்ணீரில் இறக்கலாமா, டாக்டர்?" பெரும்பாலோர் பாபநாசத்தையும் குற்றாலத்தையும் மனத்தில் வைத்தே கேட்பார்கள். அண்மையில் ஒரு தாய் துபாயைப் பற்றிக் கேட்டார். கணவர் அங்கே பணிபுரிகிறார். விடுமுறைக்குக் குடும்பம் அங்கே செல்கிறது. மகனுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டுள்ளது. பகலில் ஓடியாடுவான், இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். "டால்பினோடு நீந்தினால் தள்ளாட்டம் சரியாகிவிடும் என்கிறார்களே?" என்றார் அவர்.

சரியாகாது என்பதே என் பதில். டால்பின் சிகிச்சை என்ற கருத்து 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவியது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளை லோரி மரினோ, ஸ்காட் லிலியன்ஃபெல்ட் என்னும் இரு அறிஞர்கள் 1998இலும் 2007இலும் பரிசீலித்தனர். அந்த ஆய்வுகளின் முறையிலேயே பெருங்குறைகள் இருப்பதாகவும், நிலையான பலன் எதுவும் நிறுவப்படவில்லை என்றும் அவர்கள் முடிவு கூறினர். சில நாள் உற்சாகம் உண்மைதான். அதை வெதுவெதுப்பான நீரும் விடுமுறையும் பெற்றோரின் அருகாமையும்கூடத் தரும். நம் நாட்டில் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று 2013ஆம் ஆண்டு மத்திய அரசு உத்தரவிட்டது. கடலில் நெடுந்தூரம் திரியும் ஓங்கிலைத் தொட்டியில் அடைப்பது எனக்கும் உவப்பானதன்று. எனினும் மகிழ்ச்சிக்காகச் செல்ல விரும்பும் குடும்பத்திடம் ஒரு மருத்துவர் பேச வேண்டியது பாதுகாப்பைப் பற்றித்தான்.

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று புலன்கள் துணை செய்கின்றன: கண், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு, பாதங்களும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு. ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். மேலே சொன்ன சிறுவனுக்கு உட்செவி வலுவிழந்துள்ளது. கண்ணை நம்பி நடக்கிறான். அதனால்தான் இருட்டில் சுவர் தேவைப்படுகிறது. இப்போது அவனை ஆழமான நீரில் எண்ணிப் பாருங்கள். பாதம் தரையைத் தொடவில்லை. நீர் தெறித்ததும் கண்ணை மூடிக்கொள்கிறான். எஞ்சியிருப்பது அந்தப் பழுதான உட்செவி ஒன்றே. நீருக்குள் மூழ்கினால் மேல் எது, கீழ் எது என்று அவனுக்குத் தெரியாமல் போகலாம். மேலே வருவதாக நினைத்துக் கீழ்நோக்கி நீந்தலாம். நன்கு நீந்தத் தெரிந்த குழந்தைக்கும் இது நேரும். போதாக்குறைக்கு, நீரில் இறங்குமுன் இம்ப்ளான்ட்டின் வெளிக்கருவியைக் கழற்றிவிடுவார்கள். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது.

பிறவியிலேயே செவித்திறன் குன்றிய குழந்தைகள், மூளைக்காய்ச்சலால் செவியை இழந்தவர்கள், காதைப் பாதிக்கும் சில ஊசி மருந்துகளை நெடுநாள் பெற்றவர்கள் ஆகியோரிடம் இக்குறை பெற்றோர் அறியாமலே இருக்கக்கூடும். நீச்சலுக்கு முன் ஒருமுறை சமநிலைப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு வற்புறுத்துவது இதனால்தான்.

டால்பின் நிகழ்ச்சிகள் பொதுவாக இரு வகை. இடுப்பளவு நீரில் மேடைமீது நின்று டால்பினைத் தொட்டு விளையாடுவது ஒன்று. ஆழத்தில் மிதந்து, அதன் முதுகுத் துடுப்பைப் பற்றிக்கொண்டு இழுபடுவது மற்றொன்று. சமநிலை குன்றிய குழந்தைக்கு இரண்டாவது வேண்டவே வேண்டாம். வளர்ந்த டால்பின் 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள விலங்கு. விளையாட்டாக மோதினாலும் தள்ளாடும் குழந்தை கவிழ்ந்துவிடும். மேடை வகையிலும், பணம் கட்டுமுன் நிகழ்ச்சி நடத்துவோரிடம் கேளுங்கள்: என் குழந்தையின் பாதம் எப்போதும் தரையில் இருக்குமா? பெற்றோரில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நீருக்குள்ளேயே நிற்கலாமா? தெளிவான பதில் வராவிட்டால், கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டையை முதன்முறையாக அங்கே அணிவிக்கக் கூடாது. உடல் வலு குறைந்த சில குழந்தைகளை அது முகம் குப்புறத் திருப்பிவிடும். ஊரிலேயே ஆழமில்லாத குளத்தில் அணிவித்துப் பாருங்கள். வலிப்பு உள்ள குழந்தைக்கு நரம்பியல் மருத்துவரின் அனுமதி தேவை. பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குக் குளிர்ந்த நீரில் தசை இறுக்கம் கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கைகள் சைகைக்குத் தேவைப்படும் என்பதால், தொடுகையால் பேசும் முறையைத் தாயும் மகனும் வீட்டிலேயே பழகினர்: தோளில் ஒரு தட்டு என்றால் "நில்", இரண்டு என்றால் "கரைக்கு வா". மேடை வகையையே தேர்ந்தெடுத்தனர்.

இவற்றில் பெரும்பகுதி தாமிரபரணிக்கும் பொருந்தும். ஆறு பழகியது என்பதால் நாம் அஞ்சுவதில்லை. ஆனால் படித்துறையின் பாசி படிந்த கற்கள் பாதத்தின் உணர்வை ஏமாற்றும். அணையிலிருந்து நீர் திறக்கும்போது ஓட்டம் சட்டென்று மாறும். அந்தி மங்கிய பிறகு இக்குழந்தைகளை ஆற்றில் இறக்காதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அருவியும் ஆகாது. மருத்துவமனையில் உட்செவியைச் சோதிக்க 30 டிகிரி வெப்பமுள்ள நீரைக் காதில் ஊற்றுவோம். உடல் வெப்பத்தைவிட 7 டிகிரியே குறைவான அந்த நீரே தலையைச் சுழல வைக்கும். மலையருவி நீர் பெரும்பாலும் அதனினும் குளிர்ந்தது. ஓட்டையுள்ள காதினுள் அது நேரே புகும்போது, வழுக்குப் பாறைமேல் நிற்கும் குழந்தைக்குத் திடீர்த் தலைசுற்றல் வரும்.

நீராடி வந்த பின் காதில் சீழ் வடிந்தாலோ, தலைசுற்றல் நீடித்தாலோ, காதில் எண்ணெய் விடாமல் மறுநாளே குழந்தையை அழைத்து வாருங்கள்.