உமிச் சிலிக்கா

உமிச் சிலிக்கா என்பது நெல்லின் உமியிலிருந்து எடுக்கப்படும், பீங்கான் வகைப் பொருள்களுக்கு மூலமான நுண்பொடி ஆகும். நெற்பயிர் மண்ணிலிருந்து நீரோடு உறிஞ்சும் சிலிக்காவில் ஒரு பகுதி உமியில் படிகிறது. 1 டன் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமியும், அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு சிலிக்காவே. காவிரிப் படுகையின் அரிசி ஆலைகளில் நெல் புழுக்கும் கொதிகலனுக்கு உமியே எரிபொருளாவதால் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அதன் தரம்தான் சிக்கல்.

வெப்பநிலையின் பங்கு

உமியிலுள்ள சிலிக்கா படிக உருவமற்றது. 600 முதல் 700 பாகை செல்சியசில் எரித்தால் அப்படியே இருக்கும். 800 பாகையைத் தாண்டினால் கிறிஸ்டோபலைட்டு என்னும் படிகமாக மாறத் தொடங்கும். படிகச் சிலிக்காத் தூசியைப் பல்லாண்டு சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் இதைப் புற்றுநோய்க் காரணி என வகைப்படுத்தியது. சாம்பல் அள்ளும் தொழிலாளி முகத்தை மூடிக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

சாம்பல் கறுத்திருப்பதற்கு எரியாத கரி காரணம். (பல் துலக்கப் பயன்பட்ட உமிக்கரியின் கறுப்பும் இதுவே.) உமியிலுள்ள பொட்டாசியம் சிலிக்காவின் மேற்பரப்பை உருகச் செய்து கரியை உள்ளே சிறைப்படுத்துகிறது. எனவே ஆய்வகத்தில் உமியை முதலில் நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவுவர். பிறகு எரித்தால் வெண்பொடி கிடைக்கும்.

இருவகைச் சூடேற்றம்

மின் உலையில் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே மெல்லப் பரவுகிறது. நெடுநேரம் சூட்டில் கிடக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்கின்றன. நுண்ணலை, பொருளின் உள்ளேயே வெப்பத்தை உண்டாக்குகிறது. நேரம் குறைவதால் துகள் நுண்மையாகவே நிற்கும். ஆனால் தூய சிலிக்கா நுண்ணலையை அவ்வளவாக உறிஞ்சாது. கரி நன்றாக உறிஞ்சும். ஆகவே கருகிய உமி விரைவில் சூடாகும். வெண்பொடிக்கோ சிலிக்கன் கார்பைடு உறை போன்ற துணை தேவை. சில இடங்கள் மட்டும் அளவுமீறிச் சூடாகிப் படிகமாகிவிடும் ஆபத்தும் உண்டு.

ஆலை அளவில் நுண்ணலைக்கு மின்செலவு கட்டுப்படியாவது கடினம். அங்கு உமியே தன்னை எரித்துக்கொள்ளும். விலைமிக்க சிறிதளவு பொடிக்கே அது பொருந்தும்.

கரியும் சிலிக்காவும் உமியிலேயே நெருங்கிக் கலந்திருப்பதை ஐவன் கட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் பயன்படுத்திக்கொண்டார். காற்றில்லாமல் சுமார் 1500 பாகையில் சூடாக்கி, அதே உமியிலிருந்து சிலிக்கன் கார்பைடு பெற்றார்.