காலைக் கவ்வும் பெடல்: மாட்டினால் போதுமா? கழற்றத் தெரிய வேண்டாமா?

வேலூர்:-

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

காலை எட்டரை மணி. வேலூர் கிரீன் சர்க்கிள். போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துகிறார். முன்னால் டவுன் பஸ். பின்னால் லாரி. பக்கத்தில் ஷேர் ஆட்டோ. நடுவில் ஒரு சைக்கிள்காரர். பிரேக் பிடித்தாயிற்று. சைக்கிள் நின்றாயிற்று. இனி காலைத் தரையில் ஊன்ற வேண்டும்.

கால் வரவில்லை!

இழுக்கிறார். வரவில்லை. இன்னும் வேகமாக இழுக்கிறார். அப்போதும் வரவில்லை. வெட்டிய வாழை மரம் போல சைக்கிளோடு சேர்ந்து அப்படியே சாய்கிறார்.

சாய்வது இடது பக்கம் என்றால் முழங்கையில் சிராய்ப்போடு போகும். வலது பக்கம் என்றால்? அந்தப் பக்கம்தான் வண்டிகள் வருகின்றன!

காலைக் கவ்விக்கொள்ளும் புதுவகைப் பெடலை முதன்முதலாக மாட்டுகிறவர்களுக்கு நேருகிற விபத்து இதுதான். வேகமாகப் போகும்போது வருவதில்லை. நிற்கும்போதுதான் வருகிறது.

ஷூ ஊருக்கே புது ஷூ

உலகத்துக்கு ஷூ தைத்து அனுப்பும் ஊர் ஆம்பூர். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று இந்தப் பக்கம் முழுவதும் தோல் வேலைதான். மகளுக்குப் பிளஸ்-1 வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் அப்பா கம்பெனிக்குப் போவது இங்கே சகஜம். கியர் சைக்கிளில் ஆபீஸ் போகும் இளைஞர்களும் உண்டு.

கியர் சைக்கிள் வாங்கி ஆறு மாதம் ஆனதும் அடுத்த ஆசை வந்துவிடும். "காலை லாக் பண்ற பெடல் மாட்டினா வேகம் கூடுமாமே?" என்பதுதான் அது.

இந்தப் பெடலுக்கு 'கிளிப்லெஸ்' என்று பெயர். அதாவது, கிளிப் இல்லாதது. ஆனால் 'கிளிக்' என்ற சத்தத்தோடு காலைக் கவ்வுகிறது! கவ்வுகிற பெடலுக்குக் கிளிப் இல்லாதது என்று பெயர் வைத்தவர் யார் என்று கேட்கத் தோன்றும்.

காரணம் இருக்கிறது. பழைய காலத்துப் பந்தய சைக்கிளில் பெடலுக்கு முன்னால் ஒரு கம்பிக் கூடு இருக்கும். அதற்குள் ஷூவை நுழைத்து, வாரைப் போட்டு இறுக்குவார்கள். அந்தக் கூட்டுக்குப் பெயர்தான் 'டோ கிளிப்'. அந்த வார், நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தோல் வார்தான். புதுப் பெடலில் அந்தக் கூடும் இல்லை, வாரும் இல்லை. அதனால்தான் 'கிளிப் இல்லாதது'.

பனிச்சறுக்கில் பிறந்தது

இத்தாலியில் சினெல்லி கம்பெனி 1971-ல் இப்படி ஒரு பெடலைச் செய்தது. கவ்விப் பிடித்தது. ஆனால் காலை எடுக்க வேண்டுமானால் குனிந்து கையால் ஒரு விசையைத் தள்ள வேண்டும். ஓடுகிற சைக்கிளில் குனிந்து விசையைத் தேடினால் என்ன ஆகும்? 'சாவுப் பெடல்' என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்தது!

பிரான்ஸ் நாட்டில் லுக் என்று ஒரு கம்பெனி. பனிச்சறுக்குக் கட்டையோடு காலைப் பூட்டும் கருவி செய்வது அதன் தொழில். சறுக்குகிறவர் விழுந்தால் கட்டை உடனே காலை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கால் எலும்பு முறிந்துவிடும். ஆகவே, எப்படிப் பிடிப்பது என்பதோடு எப்போது விடுவது என்பதையும் தெரிந்து வைத்திருந்தது அந்தக் கம்பெனி.

அதே வித்தையை 1984-ல் சைக்கிள் பெடலில் வைத்தார்கள். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும், கால் வந்துவிடும். 1985-ல் பெர்னார் ஹினோ அந்தப் பெடலோடு 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் வென்றார். அது அவருக்கு ஐந்தாவது வெற்றி. பந்தயக்காரர்கள் தோல் வாரை விட்டு இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள்.

1990-ல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 'எஸ்.பி.டி.' என்ற சின்ன வகையைக் கொண்டுவந்தது. தினசரி வேலைக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது இந்த வகையைத்தான்.

இரண்டு ஓட்டையா, மூன்று ஓட்டையா?

ஷூவின் அடியில் ஒரு சின்னத் துண்டைத் திருகுவார்கள். அதற்குக் 'கிளீட்' என்று பெயர். பெடல் கவ்வுவது இந்தத் துண்டைத்தான்.

பந்தய வகையில் மூன்று திருகு. கிளீட் பெரியது, ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் போட்டு நடந்தால் வாத்து நடைதான். கம்பெனி வாசலில் சிமெண்ட் தரை ஈரமாக இருந்தால் வழுக்கும்.

எஸ்.பி.டி. வகையில் இரண்டு திருகு. கிளீட் சிறியது. ரப்பர் அடிப்பாகத்தின் பள்ளத்துக்குள் அமர்ந்துவிடும். டீக்கடைக்கு நடக்கலாம், காட்பாடி ஸ்டேஷன் படி ஏறலாம். வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு திருகு ஷூதான் சரி.

ஆம்பூரில் ஷூவுக்கா பஞ்சம், இருக்கிற ஷூவிலேயே ஓட்டை போட்டு மாட்டிவிடலாமே என்று நினைக்க வேண்டாம். இந்த ஷூவின் அடிப்பாகம் வளையாத கெட்டி ரகம். திருகு பிடிக்க உள்ளே உலோகத் தகடும் இருக்கும். சாதாரண ஷூவில் திருகினால் அடிப்பாகம் பிய்ந்து வந்துவிடும்.

வேலூர் வெயிலில் பூட்டிய ஷூவா என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சேதி. ஷிமானோ வார்ச்செருப்பு வடிவத்திலும் இதைச் செய்திருக்கிறது.

ஒரு பக்கம் கவ்வும், ஒரு பக்கம் விடும்

கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"பாய், ரெண்டு பக்கமும் லாக் ஆகுறதைக் குடுங்க."

"தம்பி, தினமும் எந்த ரோட்டுல போறீங்க?"

தம்பி பதில் சொல்லத் திணறுவார். ஆனால் முக்கியமான கேள்வி அதுதான்.

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடிக்கு நெடுஞ்சாலை ஓரமாக நிற்காமல் மிதிப்பவருக்கு இரண்டு பக்கமும் கவ்வும் பெடல் உதவும். ஷிமானோவின் எம்520 அந்த ரகம். பார்க்காமலே காலை வைத்து மாட்டலாம்.

வேலூர் பஜாரில் நூறு அடிக்கு ஒரு தடவை நிற்பவர் கதை வேறு. அவருக்கு ஒரு பக்கம் கவ்வும், மறுபக்கம் தட்டையாக இருக்கும் பெடல் நல்லது. ஷிமானோவின் இ.எச்.500 அந்த ரகம். நெரிசலில் தட்டைப் பக்கம். ரோடு காலியானதும் கவ்வும் பக்கம். ஞாயிற்றுக்கிழமை செருப்புப் போட்டுக்கொண்டு இறைச்சிக் கடைக்குப் போகவும் அதே சைக்கிள்தான்.

51-ஆ, 56-ஆ?

புதிதாக வாங்குகிற பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஷிமானோ கிளீட்டில் 51, 56 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன.

51 என்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். 56 என்றால் வெளியே திருப்பினாலும் விடும், உள்ளே திருப்பினாலும் விடும், பதறிப்போய் மேலே வெடுக்கென்று இழுத்தாலும் விடும்.

பயந்துபோன மனிதன் காலைத் திருப்ப மாட்டான், இழுப்பான். கிரீன் சர்க்கிளில் சாய்ந்தவர் செய்ததும் அதுதான். ஆகவே, முதல் தடவை வாங்குகிறவர் 56-ஐக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். எழுந்து நின்று மிதிக்கும்போது சில சமயம் அதுவாகவே கழன்றுகொள்ளும் என்பது அதன் குறை. கழலாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

கிளீட் பெரும்பாலும் பெடலோடுதான் வரும், ஷூவோடு வராது. பெட்டியைப் பிரித்து எண்ணைப் பார்க்க வேண்டும்.

மாட்டும்போது உஷார்!

இடது பெடலுக்கு எதிர்த் திருகு. வழக்கமான பக்கம் திருப்பி முறுக்கினால் கிராங்கின் மரை போய்விடும். பெரும்பாலான கிராங்கில் 9/16 அங்குல மரை இருக்கும். ஒரே துண்டாக வளைத்துச் செய்த கிராங்கில் 1/2 அங்குலம். அளவு பார்க்காமல் வாங்கினால் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு அலைய வேண்டியதுதான்.

பெடலின் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு உண்டு. ஆலன் கீ போட்டுக் கழித்தல் குறிப் பக்கம் திருப்பி, முடிந்த வரை தளர்த்திவிட வேண்டும். பழகிய பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.

கிளீட்டின் இரண்டு திருகையும் மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு திருகு விழுந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? காலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும். கிளீட் பெடலோடு அசையாமல் நிற்கும். பூட்டுக்குள் சாவி உடைந்த கதைதான். அப்போது 56-ம் காப்பாற்றும் என்று நம்ப முடியாது!

கோட்டை மைதானத்தில் பழகுங்கள்

புதுப் பெடலை மாட்டிய அன்றே ரோட்டில் இறங்கக் கூடாது. முதலில் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு காலையும் ஐம்பது தடவை மாட்டிக் கழற்ற வேண்டும். அடுத்து, கோட்டை மைதானம் போல வண்டி வராத இடத்தில் ஓட்டி, நிறுத்தி, காலை ஊன்றிப் பழக வேண்டும்.

சட்டம் ஒன்றே ஒன்று. பிரேக்கில் விரல் போவதற்கு முன்னால் இடது குதிகால் திரும்பியிருக்க வேண்டும். நம் நாட்டில் ரோட்டின் ஓரம் இடது பக்கம். ஊன்றுவதும் இடது கால்தான், சாய்வதும் இடது பக்கம்தான். அப்படியும் விழ நேர்ந்தால் கையை நீட்டி ஊன்றக் கூடாது. மணிக்கட்டு முறிவது அப்படித்தான்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம் என்பதே நேர்மையான பதில். சைக்கிளைத் தள்ளும் பலத்தில் பெரும்பகுதி காலைக் கீழே அழுத்துவதில் கிடைப்பது. மேலே இழுத்து மிச்சம் பிடிப்பது சொற்பம். மழையிலும் பள்ளத்திலும் கால் வழுக்காது, பாதம் தினமும் ஒரே இடத்தில் நிற்கும் என்பவைதான் தினசரி ஓட்டுபவருக்கு நிஜமான லாபம். கிளீட்டைக் கோணலாகத் திருகினால் அந்த லாபமும் முழங்கால் வலியாகத் திரும்பி வரும்.

பெடல், ஷூ இரண்டையும் சேர்த்தால் செலவு ஒரு சாதாரண சைக்கிளின் விலையையே எட்டலாம். மூன்று கிலோ மீட்டரில் கம்பெனி இருப்பவருக்கு, முள் வைத்த நல்ல தட்டைப் பெடலே தாராளம். பத்து, பதினைந்து கிலோ மீட்டர் மிதிப்பவர் வாங்கலாம். சொகுசாகத்தான் இருக்கும்.

ஆனால் கடைக்குப் போனதும் "எப்படி மாட்டுறது?" என்று ஆரம்பிக்க வேண்டாம். அது தானாகவே மாட்டிக்கொள்ளும்.

"பாய், இதை எப்படிக் கழட்டுறது?" என்று கேளுங்கள். அங்கேயே, கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் கழற்றிக் காட்டிவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்!