கிரகங்களைக் கண்டு வரைதல்

1852-ஆம் ஆண்டிற் சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் கேப்டன் ஜேக்கப் என்பார், சனியின் மங்கிய உள்வளையத்தினூடே அக்கிரகத்தின் விளிம்பு தெரிவதைக் கண்டு குறித்தார். அவர் கையாண்டது ஏறக்குறைய ஆறேகால் அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடியே. அத்தகையது இன்று வீட்டு முற்றத்திலும் அமையும்.

நம் கொங்கு நாட்டிற் கிரகங்கள் உச்சியை நெருங்கி வருதலால் இடைப்படும் காற்றுக் குறைவு. ஆனி, ஆடியிற் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிம்பத்தை நடுங்கச் செய்யும். தை, மாசியே நன்று.

வியாழனை வரைவோர் விரைதல் வேண்டும். பத்து மணி நேரத்திற்குள் அது ஒருமுறை சுழன்றுவிடுமாதலால், இருபது நிமிஷத்திற்கு மேற்படின் முதலில் இட்ட கோடும் பின்னர் இட்ட கோடும் பொருந்தா. துருவங்களிற் சற்றே தட்டையான வட்டத்தை முன்னரே எழுதிக்கொள்க. கண் காணாததைக் கை எழுதலாகாது. யான் ஒருமுறை புத்தகத்திற் கண்ட பெருஞ்செம்புள்ளியையும் சேர்த்தெழுதிப் பின்னர்க் கணக்கிட்டேன். அவ்வேளை அது கிரகத்தின் மறுபுறத்தில் இருந்தது.