'அலர்ஜி'யா, 'அலெர்ஜி'யா? சத்தமில்லாமல் தகவலை மறைக்கும் எழுத்துப்பிழை!

ஒரு மருத்துவமனை சாஃப்ட்வேர் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை வரவேற்பில் 'அலர்ஜி' என்ற பெயரில் பதிவு செய்கிறார்கள். மருந்துச்சீட்டு அச்சிடும் பகுதியை எழுதிய இன்னொரு புரோகிராமர், அதே தகவலை 'அலெர்ஜி' என்று தேடுகிறார். கம்ப்யூட்டர் கத்திக் கூப்பாடு போடுமா? போடாது. 'ஒன்றுமில்லை' என்று வெறும் இடத்தைக் கொடுத்துவிடும். சீட்டில் எச்சரிக்கையே வராது!

காரணம், 'ஹாஷ்'. சமையலறையில் பெயர் ஒட்டிய டப்பாக்கள் மாதிரிதான் இது. பெயரைச் சொன்னால் உள்ளே இருப்பது கிடைக்கும். இல்லாத பெயரைச் சொல்லி எதையாவது வைத்தால், அந்தப் பெயரில் புது டப்பாவே முளைத்துவிடும். 1987-ல் லாரி வால் உருவாக்கிய 'பெர்ல்' மொழியில், பெரும்பாலான ஆப்ஜெக்ட்டுகளுக்குள் இருப்பது இந்த ஹாஷ்தான். அதில் 'ஸ்ட்ரிக்ட்' என்ற கண்டிப்பான வாத்தியார் உண்டு. வேரியபிள் பெயரைத் தப்பாக எழுதினால் பிடித்துவிடுவார். டப்பா பெயர் தப்பானால் அவரும் கண்டுகொள்ள மாட்டார்.

இதற்கு வழி, 'ஆக்ஸஸர்' மெத்தட். அடுக்களைக்குள் நாமே கைவிடாமல், கவுன்டரில் கேட்டு வாங்குவது. 'அலெர்ஜி' என்று கேட்டால், 'அப்படி ஒரு மெத்தடே இல்லை' என்று புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். நிற்பது நல்லது, பிழை எந்த வரியில் என்று உடனே தெரிந்துவிடுமே!

ஆனால், 30 தகவல்களுக்குப் படிக்க ஒன்று, மாற்ற ஒன்று என 60 மெத்தட்களைக் கையால் எழுத யாருக்குப் பொறுமை? எழுதும்போதே இன்னும் நாலு பிழை சேரும். அதனால்தான் தானியங்கி வசதிகள் வந்தன. பெர்லில் 'கிளாஸ் ஆக்ஸஸர்' என்ற மாட்யூலிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் போதும், மெத்தட்களை அதுவே உருவாக்கிக்கொள்ளும். 2006-ல் வந்த 'மூஸ்' இன்னும் ஒரு படி மேலே: வயது என்றால் எண் மட்டுமே என்று சொல்லி வைக்கலாம், எழுத்து வந்தால் திருப்பி அனுப்பிவிடும். 'ரூபி' மொழிக்காரர்களுக்கு இந்த வசதி மொழியோடேயே வருகிறது, ஒரே வரிதான்.

சுலபமாகக் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் 'மாற்றலாம்' என்று திறந்துவிடுவதுதான் பலர் செய்வது. நோயாளியின் பதிவு எண்ணை நடுவில் யார் மாற்றப்போகிறார்கள்? அதைப் 'படிக்க மட்டும்' என்று விடுவதே சரி. கிளாஸ் ஆக்ஸஸரிலும் மூஸிலும் அதற்கு வழி இருக்கிறது.

இன்னொன்று, பெர்லில் பின்கதவு பூட்டியிருக்காது. யாராவது கவுன்டரைத் தாண்டி நேரே ஹாஷுக்குள் கைவிட்டால், பழைய சிக்கல் அப்படியே திரும்பும். கவுன்டரில் கேட்டாலும், பிழை தெரிவது அந்த வரி ஓடும்போதுதான். எனவே மருந்துச்சீட்டுப் பகுதியை ஒருமுறையாவது அலர்ஜி உள்ள மாதிரி நோயாளியை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.